ஒரே கிருமி, இரண்டு ரிப்போர்ட்: எந்த லேபை நம்புவது?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மூன்று லேப் ரிப்போர்ட்டுகளின் நகலையும் இணைத்திருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

அவருடைய அம்மாவுக்கு 66 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய். சில மாதங்களுக்கு முன் காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். உள்ளூர் லேபில் சிறுநீர் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, கொடுத்தார்கள். ஈ.கோலி என்ற பாக்டீரியா வளர்ந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் 21 மி.மீ., 'எஸ்', அதாவது மருந்து கேட்கும் என்று ரிப்போர்ட். டாக்டர் சிப்ரோ மாத்திரை எழுதிக்கொடுத்தார். எரிச்சல் குறைந்தது, காய்ச்சல் விடவில்லை. ஐந்தாம் நாள் நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே மறுபடி கல்ச்சர். அதே ஈ.கோலிதான், ஆனால் சிப்ரோவுக்கு 'ஆர்', மருந்து கேட்காது. எர்டாபெனம் ஊசி போட்ட பிறகு அம்மா தேறினார். இரண்டு வாரம் கழித்து, கிருமி முழுதாகப் போய்விட்டதா என்று பார்க்க இவர்களாகவே மூன்றாவது கல்ச்சர் கொடுத்தார்கள். அதிலும் ஈ.கோலி, ஒரு மி.லி. சிறுநீரில் ஒரு லட்சத்துக்கு மேல். அம்மாவுக்கு இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை.

அவருடைய கேள்விகள்: முதல் லேப் தவறான ரிப்போர்ட் கொடுத்ததா? அல்லது, அவருடைய கணவர் சொல்வதுபோல, விலை கூடிய ஊசியை விற்க இரண்டாவது மருத்துவமனை வேண்டுமென்றே 'ஆர்' போட்டதா? முதல் லேப் மேல் வழக்குப் போட முடியுமா? மூன்றாவது ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரான்டோயின் என்ற மாத்திரைக்கு 'எஸ்' என்றிருப்பதால் அதை வாங்கிக் கொடுத்துவிடலாமா? இனி ஒவ்வொரு முறையும் இரண்டு லேபில் கொடுத்துப் பார்க்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரி,

அம்மா தேறிவிட்டார் என்பதை முதலில் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சிறுநீரகம் வரை ஏறிய தொற்றில் ஐந்து நாள் தாமதம் சின்ன விஷயம் இல்லை. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் யார் மேல், எதற்காகக் கோபப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகப் பார்ப்போம். அதற்கு வேண்டிய தடயம் நீங்கள் அனுப்பிய நகல்களிலேயே இருக்கிறது. இரண்டு லேபுமே வெறும் எழுத்தோடு நிறுத்தாமல் எண்ணையும் அச்சிட்டிருக்கின்றன. இது எல்லா லேபிலும் நடப்பதில்லை.

21 மி.மீ. சொல்லும் கதை

முதல் லேப் செய்தது டிஸ்க் முறை. நோயாளியின் கிருமியை ஒரு பிளேட்டில் சீராகப் பரப்பி, அதன் மேல் மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளை வைப்பார்கள். 16 முதல் 18 மணி நேரம் 35 டிகிரியில் வைத்து எடுத்தால், மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி அந்த வட்டைச் சுற்றி வளராமல் ஒரு வெற்று வளையம் விட்டிருக்கும். அந்த வளையத்தின் விட்டம்தான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 21 மி.மீ.

இரண்டாவது மருத்துவமனை இயந்திரத்தில் செய்திருக்கிறது. அது வளையத்தை அளப்பதில்லை. கிருமி வளராமல் தடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு மருந்து தேவை என்பதைக் கணக்கிடும். எம்ஐசி என்று ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான். சிப்ரோவுக்கு நேரே 1 என்று போட்டிருக்கிறார்கள்.

21 மி.மீ. வளையமும் எம்ஐசி 1-உம் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் ஏறக்குறைய ஒரே கிருமியை, ஒரே அளவு எதிர்ப்பை, இரண்டு வழிகளில் சொல்கின்றன. ஆக, அளவெடுப்பதில் இரண்டு லேபுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, அந்த அளவுக்கு எந்த எழுத்தைப் போடுவது என்பதில்தான்.

நீங்கள் ஆசிரியை, அதனால் இப்படிச் சொல்கிறேன்: இரண்டு பேரும் ஒரே விடைத்தாளுக்கு ஒரே மதிப்பெண்தான் போட்டிருக்கிறார்கள். ஒருவர் பழைய தேர்ச்சி மதிப்பெண்ணை வைத்து பாஸ் என்கிறார், மற்றவர் புதியதை வைத்து ஃபெயில் என்கிறார்.

இந்தத் தேர்ச்சி அளவுகளை வெளியிடும் அமைப்புகளில் இந்திய லேபுகள் அதிகம் பின்பற்றுவது அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ. ஐரோப்பாவின் யூகாஸ்டைப் பின்பற்றுபவர்களும் இருக்கிறார்கள். சிஎல்எஸ்ஐ ஒவ்வொரு வருடமும் புதுப் பதிப்பு வெளியிடுகிறது. 2019-க்கு முன்பு ஈ.கோலி வகைக் கிருமிகளுக்கு சிப்ரோ வளையம் 21 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 'எஸ்', 15 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் 'ஆர்'. 2019 பதிப்பில் அதை இறுக்கினார்கள். இப்போது 26 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் 'எஸ்', 22 முதல் 25 வரை 'ஐ' என்னும் இடைநிலை, 21 அல்லது அதற்குக் கீழே 'ஆர்'. எம்ஐசியிலும் அப்படியே: முன்பு 1 வரை 'எஸ்'. இப்போது 0.25 வரைதான் 'எஸ்', 1 வந்துவிட்டாலே 'ஆர்'.

உங்கள் அம்மாவின் 21 மி.மீ. பழைய அட்டவணையில் 'எஸ்'ஸின் கடைசிப் படியிலும், புதிய அட்டவணையில் 'ஆர்' தொடங்கும் இடத்திலும் நிற்கிறது. எம்ஐசி 1-உம் அதே போலத்தான். முதல் லேபின் சுவரில் இன்னமும் 2019-க்கு முந்தைய அட்டவணைதான் தொங்குகிறது என்று இதிலிருந்து ஊகிக்கிறேன்.

ஏன் இறுக்கினார்கள்? வழக்கமான அளவில் சிப்ரோ கொடுத்தால் உடலில் மருந்து எவ்வளவு நேரம், எவ்வளவு செறிவில் நிற்கிறது என்ற ஆய்வுகளைப் பார்த்தபோது, எம்ஐசி 1 உள்ள கிருமியை அந்த அளவு மருந்து நம்பகமாக அடக்காது என்று தெரிந்தது. சிப்ரோ சிறுநீரில் அதிகச் செறிவாக இறங்கும் மருந்து. அதனால் சிறுநீர்ப்பையில் இருந்த எரிச்சல் குறைந்திருக்கலாம். சிறுநீரகத் திசுவிலும் ரத்தத்திலும் அந்தச் செறிவு கிடைக்காததால் காய்ச்சல் விடாமல் நீடித்திருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் போக்கு இதோடு பொருந்துகிறது.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாவது மாதிரி ஐந்து நாள் சிப்ரோ சாப்பிட்ட பிறகு எடுத்தது. அந்த இடைவெளியில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் மிஞ்சி வளர்ந்திருக்கலாம். வளையத்தைக் கையால் அளக்கும்போது ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் ஆவதும் சகஜம். ஆனால் இரண்டு எண்களும் இவ்வளவு ஒத்துப்போகும்போது அட்டவணைதான் முதல் காரணம் என்பது என் கருத்து.

உங்கள் கணவரின் சந்தேகம்

அவர் சந்தேகப்பட்டதில் தவறில்லை. மருத்துவச் செலவு அப்படித்தான் மனிதரை யோசிக்க வைக்கிறது. ஆனால் முதல் ரிப்போர்ட்டை அவரிடம் கொடுத்து, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்துக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் 'ஆர்'தான். செஃப்ட்ரியாக்சோனையே உடைத்துவிடும் நொதியைச் சுரக்கும் ஈ.கோலி இது என்று உள்ளூர் லேபின் ரிப்போர்ட்டே காட்டுகிறது. இப்படிப்பட்ட கிருமி சிறுநீரகத்தில் ஏறி, வாய்வழி சிப்ரோவும் பலிக்காதபோது, தினம் ஒரு ஊசியாகப் போடக்கூடிய எர்டாபெனம் நியாயமான தேர்வு. விலையைக் கூட்ட யாரும் எழுத்தை மாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

"எம்ஐசி எண் எந்த மருந்துக்கு மிகக் குறைவோ அதுதானே பலமான மருந்து, அதைக் கொடுத்திருக்கலாமே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பலரும் இப்படி நினைக்கிறார்கள். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. நைட்ரோஃபுரான்டோயினுக்கு எம்ஐசி 32 வரைகூட 'எஸ்'. சிப்ரோவுக்கு அந்த எல்லை 0.25. ஒவ்வொரு மருந்துக்கும் அதன் எல்லை தனி. வளையத்தின் அகலமும் அப்படியே. பெரிய வளையம் விட்ட மருந்து சிறந்த மருந்து என்று அர்த்தம் இல்லை.

நல்ல லேபை எப்படி அடையாளம் காண்பது

இந்தத் துறையில் இருப்பவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தப் பரிசோதனை பார்க்க எளிமையாக இருக்கும், கெட்டுப்போக நூறு வழிகள் உண்டு. பிளேட்டில் ஊற்றும் அகார், அதாவது கிருமி வளரும் கூழ், 4 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். மெலிதாக ஊற்றினால் வளையம் பெரிதாகி, கேட்காத மருந்து கேட்பதுபோலத் தெரியும். கிருமிக் கரைசலை ஒரு குறிப்பிட்ட கலங்கல் அளவுக்குச் சரிபார்க்காமல் கெட்டியாகப் பூசினால் வளையம் சுருங்கி, கேட்கும் மருந்து கேட்காததுபோலத் தெரியும். டிஸ்க் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுமே திறந்தால் ஈரம் படிந்து மருந்து வீரியம் இழக்கும். கோடையில் மின்வெட்டு நீண்டு ஃபிரிட்ஜ் சூடானாலும் அதே கதி. இதில் 'ஆர்'ரை 'எஸ்' என்று சொல்லும் பிழைதான் எல்லாவற்றிலும் மோசமானது. எங்கள் துறையில் அதற்குப் பெயரே 'மிகப் பெரிய பிழை'. அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார்.

இவற்றையெல்லாம் பிடிக்க ஒரு வழி உண்டு. குணம் நன்றாகத் தெரிந்த ஒரு கிருமியை லேபிலேயே வளர்த்து வைத்து, வாரம் ஒருமுறையாவது நோயாளியின் மாதிரி போலவே சோதிப்பார்கள். ஈ.கோலி ஏடிசிசி 25922 அதற்கென்றே உலகம் முழுவதும் பயன்படும் கிருமி. ஜென்டாமைசின் டிஸ்க்குக்கு அது 19 முதல் 26 மி.மீ.க்குள் வளையம் விட வேண்டும். அதற்கு வெளியே போனால் பிளேட், டிஸ்க், கரைசல் எதிலோ கோளாறு. காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை அந்த மருந்துக்கு நோயாளிகளின் ரிப்போர்ட் போகக் கூடாது. இது நேர்மையாக நடக்கும் லேபும் உண்டு, பதிவேட்டில் எண்ணை மட்டும் நிரப்பும் லேபும் உண்டு.

ஆனால் உங்கள் விஷயத்தில் முதல் லேப் இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்திருந்தாலும் பிழை பிடிபட்டிருக்காது. பிளேட்டும் டிஸ்க்கும் சரியாக இருந்து, அட்டவணை மட்டும் பழையதென்றால் அந்தக் கிருமி எதையும் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் நான் சொல்லும் முதல் கேள்வி அதைப் பற்றியது. அடுத்த முறை எந்த லேபுக்குப் போனாலும் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த அமைப்பின், எந்த வருடப் பதிப்பைப் பார்த்து 'எஸ்', 'ஆர்' போடுகிறீர்கள்? பதில் உடனே வர வேண்டும். ரிப்போர்ட்டின் அடியிலேயே அச்சிடும் லேப் என்றால் இன்னும் நல்லது.

2. கல்ச்சர் பரிசோதனைக்கு வெளித் தரமதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறீர்களா? வேலூர் சிஎம்சி இப்படி ஒரு திட்டத்தை நடத்துகிறது. பெயர் சொல்லாத கிருமியை அனுப்பி, லேப் கண்டுபிடித்துச் சொல்லும் பதிலைத் திருத்துவார்கள்.

3. லேபுகளின் தரத்துக்குத் தேசிய அளவில் தரப்படும் என்ஏபிஎல் அங்கீகாரம் கல்ச்சருக்கும் இருக்கிறதா? இது முக்கியம். வாசலில் என்ஏபிஎல் பலகை இருக்கும், ஆனால் அங்கீகாரம் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளுக்கு மட்டும் வாங்கியிருப்பார்கள். எந்தெந்தப் பரிசோதனைக்கு என்ற பட்டியலை என்ஏபிஎல் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இந்தியாவில் இந்த அங்கீகாரம் லேப் விரும்பிப் பெறுவது. அது இல்லாததாலேயே ஒரு லேப் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிறது என்று சொல்லி இல்லாமல் இருப்பது வேறு.

4. நான் கொடுக்கும் மாதிரி எத்தனை மணிக்குப் பிளேட்டில் ஏறும்? சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். மாதிரி வாங்கும் கிளை மட்டும் உங்கள் ஊரில் இருந்து, வண்டி சாயங்காலம்தான் போகும் என்றால், காலையில் கொடுத்த சிறுநீரில் நாலைந்து கிருமி இருந்தாலும் ராத்திரிக்குள் லட்சமாகிவிடும்.

அப்புறம், நீங்களே வீட்டில் பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. சில கிருமிகளுக்குச் சில மருந்துகள் இயல்பாகவே கேட்காது. கிளெப்சியெல்லா என்று போட்டு ஆம்பிசிலின் 'எஸ்' என்றோ, புரோட்டியஸ் என்று போட்டு நைட்ரோஃபுரான்டோயின் 'எஸ்' என்றோ ரிப்போர்ட் வந்தால், கிருமியின் பெயர் தவறு அல்லது பரிசோதனை தவறு. இரண்டில் எதுவானாலும், கையெழுத்துப் போட்டவர் ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. அந்த லேபுக்கு மறுபடி போக வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் இரண்டு லேபில் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவு இரட்டிப்பு, குழப்பமும் இரட்டிப்பு. விசாரித்துப் பார்த்து ஒரு நல்ல லேபைத் தேர்ந்தெடுத்து அங்கேயே கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுதான் வசதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது, கல்ச்சர் செய்கிறார்கள். அதையும் மனதில் வையுங்கள். சந்தேகத்துக்குரிய ரிப்போர்ட் வந்தால், லேபை உடனே அழைத்து, வளர்ந்த கிருமியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதே கிருமியை வேறொரு லேபில் சோதித்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். பல லேபுகளில் சில நாட்களில் அழித்துவிடுவார்கள், தாமதிக்க வேண்டாம்.

வழக்கு

நான் வழக்கறிஞர் இல்லை, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பணம் கொடுத்துப் பெற்ற பரிசோதனை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே இரண்டு விஷயங்களை நிறுவ வேண்டும்: லேப் உரிய கவனம் காட்டவில்லை என்பது, அதனால்தான் அம்மாவுக்குப் பாதிப்பு வந்தது என்பது. முதலாவதற்கு உங்களிடம் அந்த 21 மி.மீ. இருக்கிறது, வலுவான தடயம். இரண்டாவது கடினம். சரியான ரிப்போர்ட் வந்திருந்தாலும் காய்ச்சல் விட இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் என்று அவர்கள் வாதிடலாம். செஃப்ட்ரியாக்சோனே கேட்காத கிருமி, குளிர் காய்ச்சல், சர்க்கரை நோய் மூன்றும் சேர்ந்திருக்கும்போது மாத்திரையோடு அனுப்பியது சரியா என்ற கேள்வியும் எழும். அது லேபைத் தாண்டிய கேள்வி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் லேபுக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுப்பேன். இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்து, எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டு, பதிலையும் எழுத்திலேயே கேட்பேன். அவர்கள் அட்டவணையை மாற்றினால் அந்த ஊரில் அடுத்து வரும் நோயாளிகளுக்கு அதே தவறு நடக்காது. பதில் வராவிட்டால், அல்லது மழுப்பினால், மாவட்டத்தில் இருக்கும் மருத்துவ ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். லேபுகளும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவைதான். கல்ச்சருக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கும் லேப் என்றால் என்ஏபிஎல்லுக்கும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் வழக்கு வேண்டும் என்று தோன்றினால், நுகர்வோர் வழக்குகளில் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை மூன்று ரிப்போர்ட்டின் மூலப்பிரதி, மருந்துச் சீட்டு, பில் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது ரிப்போர்ட்

உங்கள் கேள்விகளில் அவசரமானது இதுதான். நைட்ரோஃபுரான்டோயின் மாத்திரையை வாங்கி அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம்.

காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, வலி இல்லை. கல்ச்சரில் மட்டும் கிருமி. வயதான பெண்களில், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களில், இது சாதாரணமாகக் காணப்படுவது. கிருமி சிறுநீர்ப்பையில் சும்மா தங்கியிருக்கிறது, நோய் செய்யவில்லை. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் சில அறுவைச் சிகிச்சைகளுக்குப் போகிறவர்களுக்கும் மட்டுமே இதற்கு மருந்து தேவை. மற்றவர்களுக்குக் கொடுத்தால் பலன் இல்லை. அடங்கியிருக்கும் கிருமிகளை அழித்துவிட்டு, எதற்கும் அடங்காதவற்றுக்கு இடம் கொடுத்ததாகத்தான் ஆகும். தொந்தரவு தீர்ந்த பிறகு 'போய்விட்டதா' என்று பார்க்கும் கல்ச்சரே அம்மாவுக்குத் தேவையில்லை. இந்த விஷயத்தில் மூன்றாவது லேப் சரியாகச் சோதித்ததா இல்லையா என்பதைக்கூட ஆராய வேண்டியதில்லை.

நைட்ரோஃபுரான்டோயின் பற்றி இன்னொன்று. ரிப்போர்ட்டில் 'எஸ்' இருந்தாலும் அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். சிறுநீரகத் திசுவிலும் ரத்தத்திலும் அந்த மருந்து போதிய அளவு சேர்வதில்லை. அம்மாவுக்கு மறுபடி குளிர் காய்ச்சலும் இடுப்பு வலியும் வந்து, 'எஸ் என்று இருக்கிறதே' என்று இதைக் கொடுத்தால், சிப்ரோவில் நடந்ததே திரும்ப நடக்கும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதால், அந்தச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் பார்க்காமல் சர்க்கரை நோயாளிக்குக் கொடுப்பதும் கூடாது.

காய்ச்சல், நடுக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதல் மாத்திரை, முதல் ஊசிக்கு முன்பே சிறுநீர் மாதிரி எடுத்துவிடச் சொல்லுங்கள். காய்ச்சல் அதிகமென்றால் ரத்தக் கல்ச்சரும் தேவைப்படலாம், டாக்டர் முடிவு செய்வார். இரண்டாவது மருத்துவமனையின் ரிப்போர்ட்டை அவரிடம் காட்டி, செஃப்ட்ரியாக்சோனும் சிப்ரோவும் கேட்காத ஈ.கோலி முன்பு வந்திருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எந்த மருந்தில் தொடங்குவது என்று தீர்மானிக்க அவருக்கு அந்தத் தகவல்தான் உதவும்.